கூட்டத்தில் இருவர்

யுத்தத்தின் நடுவே மலர்ந்த காதலைச் சங்கீத நாடகமாக மேடையேற்ற விரும்புகிறவன் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய பிரச்சினை, பெரியதையும் சிறியதையும் ஒரே மேடையில் எப்படி இருத்துவது என்பதுதான். யுத்தம் தேசங்களை விழுங்குவது. காதலோ இரண்டு பேர் நிற்கும் இடத்துக்குள் அடங்கிவிடுவது. தலைநகரத்துப் பெரிய அரங்குகளில் இந்த வித்தியாசத்தை யந்திரங்களைக் கொண்டும் பணத்தைக் கொண்டும் சரிக்கட்டுகிறார்கள். பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமில், கோயில் மண்டபத்தையே அரங்கமாகக் கொண்டு, துறைமுகத்திலும் பிறையின் தொழிற்சாலைகளிலும் வேலை முடித்து வருகிறவர்களையே நடிகர்களாகக் கொண்டு, ஜப்பானியர் காலத்துக் காதல் கதையொன்றைப் பாட்டும் வசனமுமாக நடத்திய அனுபவத்தில் நான் கண்டறிந்த மார்க்கம் வேறு. இத்தொழிலுக்கு இனி வரப்போகும் இளைஞர்களுக்கு அதை எடுத்துச் சொல்வது கடமையென்று கருதியே இதை எழுதுகிறேன்.

இவ்வகை நாடகத்துக்கு இன்று உலகெங்கும் உதாரணமாகச் சொல்லப்படுவது ‘மிஸ் சைகோன்’. 1904-இல் மிலான் நகரில் அரங்கேறிய புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃபிளை’ என்னும் இசை நாடகக் கதையை வியட்நாம் யுத்தத்தின் இறுதி நாட்களுக்குக் கொண்டுவந்து, ஷோன்பெர்க்கும் புப்லிலும் ஆக்கிய அந்த நாடகம், 1989 செப்டம்பர் 20-ஆம் தேதி லண்டன் டுரூரி லேன் அரங்கில் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஓடியது. 1975 ஏப்ரலில் சைகோன் வீழும் தறுவாயில் ஹெலிகாப்டர் ஒன்று மேடையிலேயே வந்திறங்கி, ஏற முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு, முடியாதவர்களை வேலிக்கு வெளியே விட்டுவிட்டுக் கிளம்பும் காட்சியைக் காணவே ஜனங்கள் திரண்டார்கள். ஆனால் அந்நாடகத்தை எழுதும்படி ஷோன்பெர்க்கைத் தூண்டியது, சைகோன் விமான நிலையத்தில் மகளைப் பிரியும் ஒரு தாயின் புகைப்படமே என்பதை நாடகக்காரர்கள் மறக்கலாகாது. பிரிவு முதலில் வந்தது. ஹெலிகாப்டர் அதற்குப் பின்னர்தான் வந்தது. ஊர் ஊராகச் செல்லும் குழுக்கள் பிற்காலத்தில் அந்த யந்திரத்தைத் திரையில் விழும் நிழலாகவும் ஒலியாகவும் மாற்றிக்கொண்டபோதும் நாடகம் நிலைத்து நின்றதற்குக் காரணம் அதுதான்.

நம் தமிழ் மேடையும் பிரம்மாண்டத்தை அறியாததன்று. கன்னையா கம்பெனியின் தசாவதாரக் காட்சிகளும், நவாப் ராஜமாணிக்கத்தின் பக்தி நாடகங்களும் அக்காலத்து ரசிகர்களைப் பிரமிக்கச் செய்தவை. பினாங்குக்கோ இந்த விஷயத்தில் தனிச் சரித்திரமே உண்டு. பம்பாயிலிருந்து கப்பலேறி வந்த பார்ஸி நாடகக் குழுக்களைக் கண்டு ரசித்த இவ்வூரார், 1885-இல் புஷி இந்திரா பங்சாவான் என்ற மலாய்க் குழுவை அமைத்து, அந்தக் கலையைத் தீபகற்பமெங்கும் பரப்பினார்கள். படுதாவுக்குப் பின்னால் அரண்மனையைக் காடாக மாற்றிக்கொண்டிருக்கும்போது, படுதாவுக்கு முன்னால் ஒருவர் வந்து பாடியும் ஆடியும் ஜனங்களை நிறுத்திவைக்கும் ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்ற ஏற்பாடு பங்சாவானுக்கு உயிர்நாடி. நம் நாடகங்களில் பபூன் செய்த வேலையும் ஏறக்குறைய அதுவே. பல காட்சிகளைக் கொண்ட யுத்தக் கதையைக் கைக்கு அடங்கிய செலவில் நடத்த வேண்டி வந்தபோது நான் தயங்காமல் கைக்கொண்டது இந்த ஏற்பாட்டைத்தான். உள்ளே காட்சி மாறும் நேரங்களில் எங்கள் படுதாவுக்கு முன்னால் மரவள்ளிக்கிழங்கு விற்கும் கிழவியும், மதிப்பிழந்து போன ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் கடைக்காரரும், தோட்டத்துக் கங்காணியும் வந்து பாடிச் சென்றார்கள். யுத்தகால வாழ்க்கையின் பாதியை ரசிகர்கள் அந்த இடைவெளிகளில்தான் தெரிந்துகொண்டார்கள்.

கதைக்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. 415 கிலோமீட்டர் நீளத்தில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் கொண்டுபோகப்பட்டனர். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையற்று, அரிசி கிடைக்காமல் தவித்த குடும்பங்களிடம், சில மாதங்களே வேலை, நல்ல சம்பளம் என்று முதலில் ஆசை காட்டினார்கள்; ஆசைக்கு ஆள் குறைந்தபோது பலாத்காரமாகப் பிடித்தார்கள். இலவசப் படக்காட்சி என்று அழைத்து, உள்ளே வந்தவர்களைக் கதவடைத்து ரயிலேற்றினார்கள் என்றுகூடச் சொல்லப்படுகிறது. ஜனங்களை அழைத்து உட்கார வைப்பதையே தொழிலாகக் கொண்ட எவனுக்கும் அந்தச் செய்தி நெஞ்சைச் சுடும். 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் நேசநாட்டுப் போர்க்கைதிகளில் சுமார் 12,000 பேர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களோ அதற்குப் பல மடங்கு அதிகம். கைதிகளுக்குக் கல்லறைகளும் பெயர்ப் பட்டியல்களும் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அவை இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்கள் அந்தக் குறையை எழுத்தில் ஓரளவு தீர்த்திருக்கின்றன. மேடையும் தன் பங்கைச் செய்ய வேண்டும் என்பதே எங்கள் முயற்சிக்கு மூலகாரணம்.

இத்தகைய கதையில் கூட்டத்தை அலங்காரமாக நிறுத்துவதைவிடப் பெரிய அபசாரம் இல்லை. காதலன் காதலியின் பின்னால் பத்துப் பேரை ஒரே மாதிரி உடுப்பில் நிறுத்தி, ஒரே மாதிரி கையசைக்கச் செய்தால், ஜப்பானியர் அவர்களை எண்ணிக்கையாகக் கண்ட அதே பார்வையை நாமும் கைக்கொண்டவர்களாகிறோம். ஆகையால், ஒத்திகையின் ஆரம்பத்தில் பாட்டையோ வசனத்தையோ தொடாமல், கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்துக்கு ஒரு பெயரையும், ஒரு தோட்டத்தையும், வீட்டில் விட்டுவந்த ஓர் ஆளையும், கையிலுள்ள துணிமூட்டைக்குள் இருக்கும் பொருட்களையும் தாமே தீர்மானித்துக்கொள்ளும்படி செய்தேன். அந்த மூட்டையை எவரும் மேடையில் அவிழ்ப்பதில்லை. எனினும் உள்ளே அம்மாவின் புடவைத் துண்டு இருக்கிறது என்று அறிந்தவன் அதைப் பிடிக்கும் விதமும், வெறும் பழந்துணியைத் திணித்துக்கொண்டவன் பிடிக்கும் விதமும் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் வேறு வேறாகவே தெரியும். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்கள் எல்லா ஒத்திகைக்கும் சேர்ந்து வர இயலாதாகையால், ஒவ்வொருவரும் தம் இடத்தோடு அக்கம்பக்கத்து இருவரின் இடத்தையும் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தோம். அதனால் விளைந்த நன்மை எதிர்பாராதது: பக்கத்தில் நிற்பவனின் கதை அவனைப் போலவே இவனுக்கும் தெரிந்திருந்தது.

1941 டிசம்பர் 11-ஆம் தேதி பினாங்கின் மீது குண்டு விழுந்த காட்சியை, வெடியோசை எதுவும் இல்லாமலே அமைத்தோம். வானத்தில் வந்த விமானங்களை வேடிக்கை பார்க்க ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஜனங்கள் கூடி நின்றார்கள் என்பது சரித்திரம். எங்கள் கூட்டமும் அப்படியே, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, அரங்கத்தின் பின்சுவருக்கு மேலுள்ள ஒரே புள்ளியை அண்ணாந்து பார்த்தது. எல்லாக் கண்களும் அந்த ஒரு புள்ளியோடு சேர்ந்து மெல்ல நகர்ந்து தங்கள் தலைக்கு மேலே வந்து நிற்பதைக் கண்ட ரசிகர்கள், தங்களையறியாமல் தாங்களும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்வை சிதறினால் காட்சி பொய்யாகிவிடும். ஆதலால் அந்தப் புள்ளியின் வேகத்தை ஒரு தாளக் கணக்கில் கட்டி, பாட்டுக்குச் சமமான கவனத்துடன் பயிற்றுவித்தோம்.

பிரிவுக் காட்சி, அக்காலத்தில் ரயிலுக்கு முனையமாயிருந்த பிறை ஸ்டேஷனில் நடக்கிறது. ரயிலை மேடைக்குக் கொண்டுவரும் வசதி எங்களுக்கு இல்லை. வசதியிருந்தாலும் கொண்டுவந்திருக்க மாட்டேன். இந்நாட்டுத் தமிழர்களின் கோயில்களிலும் ஊர்வலங்களிலும் ஒலிக்கும் உருமியையே ரயிலாக்கினோம். வளைந்த குச்சியால் அதன் ஒரு முகத்தைத் தேய்க்கும்போது எழும் உறுமல், பாரவண்டி கிளம்பும் முனகலுக்கு வெகு சமீபமானது. மறு முகத்தில் விழும் அடியோ தண்டவாள இணைப்புகளின் மேல் சக்கரம் ஓடும் ஓசையைத் தரவல்லது. அதற்கு மேல் கூட்டத்தினர் தங்கள் வெறுங்காலால் பலகையை மிதித்து வேகத்தைக் கூட்டினார்கள். பிரிகிறவர்களின் பாதங்களே அவர்களைக் கொண்டுபோகும் ரயிலின் ஓசையை எழுப்பின என்பதில் ஓர் உண்மையும் இருக்கிறது: அந்தப் பாதையை அவர்களுடைய தேகமே போட்டது.

இனி, காதலர்களின் சங்கீதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பாட்டில் சுருதி எப்போதும் தொல்லை தருவது. ஆண் குரல் ஒரு கட்டையிலும், பெண் குரல் ஐந்து கட்டையிலும் சௌகரியமாக நிற்பது சாமான்ய வழக்கம். ஒருவருக்குப் பொருந்தியது மற்றவரைத் திணறச் செய்யும். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில், வள்ளியும் வேலனும் தர்க்கிப்பது போல் மாறி மாறிப் பாடுவதால் இத்தொல்லை அதிகம் எழுவதில்லை. ஆனால் எங்கள் கதையில் இருவரும் ஒரே வாக்கியத்தை ஒரே சமயத்தில் பாடியாக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அதற்கு மத்யம சுருதி கைகொடுத்தது. ஐந்து கட்டையில் பாடுகிறவள் மத்யமத்தை ஆதாரமாகக் கொண்டால், அவளுடைய ஷட்ஜம் அவனுடைய ஒரு கட்டையோடு வந்து சேர்கிறது. செஞ்சுருட்டி, புன்னாகவராளி போன்ற, மேல் ஸ்தாயியில் அதிகம் ஏறாத ராகங்கள் வழக்கமாகவே அந்தச் சுருதியில் பாடப்படுகிறவை. செஞ்சுருட்டியில் மெட்டமைத்தோம், இருவர் குரலும் இழைந்தன. பிரிந்த பிறகு அவரவர் தம் பழைய சுருதிக்கே திரும்பி, அவன் காட்டிலிருந்தும் அவள் தோட்டத்து லயத்திலிருந்தும் தனித்தனி ராகங்களில் பாடினார்கள். ஆயினும் ஆர்மோனியத்தில் சுருதிக்காக அழுத்திய அந்த இரண்டு ஸ்வரங்களும் மாறவேயில்லை. அவனுக்கு அவை ஷட்ஜ பஞ்சமமாகவும், அவளுக்கு மத்யம ஷட்ஜமாகவும் தொடர்ந்து ஒலித்தன. சங்கீத ஞானம் இல்லாதவர்களுக்கும் இது காதில் விழுந்தது என்பதே என் நம்பிக்கை.

கதாநாயகியைக் குறித்துக் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. 1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததும், கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்ததும், தோட்டங்களிலிருந்து இளம் பெண்கள் அதில் சேர்ந்ததும் பெருமைக்குரிய விஷயங்கள். நாயகியைத் துப்பாக்கியேந்தச் செய்ய வேண்டுமென்று சிலர் ஆசைப்பட்டார்கள். நான் அந்தப் பாக்கியத்தைக் கூட்டத்திலிருக்கும் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அதுபோலவே, ரயில் பாதைக்குப் பிடிபடாமலிருக்க இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துகொள்ளும் ஒருவனும் கூட்டத்திலேயே இருந்தான். ஒரு காலத்தின் எல்லா விதிகளையும் ஒருத்தியின் தலையில் சுமத்தினால் அவள் மனுஷியாக இருக்க மாட்டாள். காத்திருப்பதும் ஒரு பெரும் பிரயத்தனம் என்பதை, கிழங்கு தோண்டிக் குழந்தைகளுக்கு ஊட்டிக்கொண்டே அவள் பாடிய பாட்டு நிரூபித்தது.

முடிவைப் பற்றித்தான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். பட்டர்ஃபிளை உயிரை மாய்த்துக்கொள்கிறாள். சைகோன் நாடகத்தின் நாயகி கிம்மும் அவ்வாறே. எங்கள் நாடகத்தில் யுத்தம் முடிகிறது, 1945 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டிஷ் படை பினாங்கில் இறங்குகிறது, சில மாதங்களில் அவன் திரும்பி வருகிறான், அவள் உயிரோடு இருக்கிறாள், இருவரும் சேர்கிறார்கள். இவ்வளவு கொடுமையான சரித்திரத்துக்கு இத்தனை மங்களமான முடிவா என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான். இரண்டு பேரைக் கொன்றுவிட்டால் ரசிகர்கள் அந்த இரண்டு பேருக்காக அழுவார்கள். அழுது தீர்த்த ஆறுதலோடு வீட்டுக்குப் போவார்கள். இருவரையும் பிழைக்க வைத்தால், அழவந்த மனம் வேறு யாரையோ தேட ஆரம்பிக்கும். கடைசிக் காட்சியில் கூட்டம் முதல் காட்சியில் நின்ற அதே வரிசையில் வந்து நிற்கிறது. திரும்பாதவர்களின் இடங்களை எவரும் நகர்ந்து நிரப்புவதில்லை. சேர்ந்த காதலர் முன்னால் வந்து நின்று பாடாமல், வரிசையில் தங்கள் பழைய இடங்களுக்கே போய், எல்லாருடன் சேர்ந்து பாடுகிறார்கள். அப்போது ரசிகர்களின் கண்கள் இருவரை விட்டு, வெற்றிடங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவதை நான் பக்கப்படுதாவுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன். அந்த இடங்களில் நின்றவர்களின் பெயர்கள் அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. ஏனெனில் படுதாவுக்கு முன்னால் வந்து பாடிச் சென்றவர்கள் அவர்கள்தாம்.

யுத்தக் கதையில் காதலர்களின் வேலை, ஜனசமுத்திரத்தினின்று நாம் அடையாளம் கண்டுகொள்ளும் இரண்டு முகங்களாக வெளிவந்து, நம் அன்பைச் சம்பாதித்து, அந்த அன்பைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போவதே என்று நான் திடமாக நம்புகிறேன். இதைச் செய்வதற்கு ஹெலிகாப்டரும் சுழல்மேடையும் தேவையில்லை. கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் கதாநாயகனுக்குச் சமமாக மதித்துப் பயிற்றுவிக்கும் பொறுமை தேவை. அந்தப் பொறுமை உள்ள ஊர் எதுவாயினும், அங்கே மண்டபம் எவ்வளவு சிறியதாயினும், இந்த நாடகத்தை அதன் முழு அளவில் நடத்தலாம். நடத்தவும் வேண்டும்; கல்லறையின்றிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள், மேடையேறத் தயாராகவும் இருக்கிறார்கள்.