முதலில் எது போனது?

2020 நவம்பர் 30, திங்கள்

வங்கக் கடலில் தாழமுக்கம் வலுக்கிறது, கரையோரம் கவனம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லியிருக்கிறது. நேற்று விளக்கீட்டுக்கு ஏற்றிய சிட்டிகள் இன்னும் வாசலில் கிடக்கின்றன. பகலெல்லாம் உவர்மலை டவரில் பேட்டரி பார்த்தோம்.

என் கவலை வேறு. எங்கள் டவர்களின் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள் நாகியோஸ். அதில் ஒவ்வொரு கருவியைச் சேர்க்கும்போதும் அதற்குத் 'தாய்' எது, அதாவது எந்தக் கருவியைத் தாண்டி அதனிடம் போகிறோம் என்று எழுத ஓர் இடம் உண்டு. எங்கள் கோப்புகளில் அந்த இடம் வெறுமை. தொடக்கத்தில் இதைக் கட்டியவர் வேலையை விட்டுப் போனார். பிறகு வந்தவர்கள் ஐபி முகவரியை மட்டும் எழுதினார்கள். நானும் பதினொரு கருவிகளை அப்படித்தான் சேர்த்தேன்.

டிசம்பர் 1, செவ்வாய்

புயலுக்குப் பெயர் வந்துவிட்டது: புரெவி. மாலைதீவு கொடுத்த பெயர். எங்களோடு டவர் ஏறும் மூத்த அண்ணை, தன் தாயார் சொன்ன 1964 டிசம்பர் சூறாவளியைப் பற்றிக் கதைத்தார். தனுஷ்கோடியை அழித்தது அதேதான், திருமலையைத் தாண்டித்தான் அங்கே போனது.

டிசம்பர் 2, புதன்

இரவு 9 மணிக்கு டியூட்டி ஏற்றேன். பயந்த அளவு காற்று இல்லை, மழைதான். 10.17க்கு நிலாவெளி ரிலே டவரின் தொடர்பு அறுந்தது. குச்சவெளி, புல்மோட்டை எல்லாம் அதே மைக்ரோவேவ் பாதையில் அதற்குப் பின்னால் இருப்பவை. அங்கே எந்த ரூட்டரும் பழுதாகவில்லை, போகும் வழிதான் இல்லை. தாய் எதுவென்று யாரும் எழுதி வைக்காததால் நாகியோஸ் ஒவ்வொன்றையும் தனித்தனியே செத்ததாகச் சொன்னது. ரூட்டர் டவுன், ஸ்விட்ச் டவுன், யூ.பி.எஸ். டவுன், கமரா டவுன். மழை கொஞ்சம் விட்டால் லிங்க் எழும்பும், அத்தனையும் 'அப்'. அடுத்த மழை இறுக்கும்போது அத்தனையும் மறுபடி 'டவுன்'.

பதினொன்றரைக்குள் போனில் முந்நூறுக்கு மேல் அறிவித்தல்கள். வாசிப்பதை விட்டு அழிக்கத் தொடங்கிவிட்டேன். அண்ணை வீட்டிலிருந்து அழைத்தார்: "தம்பி, முதல்ல எது போனது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேலே தேடிப் போகமுன் இன்னும் இருபது வந்து விழுந்தன.

11.40க்கு அறிவித்தல்கள் முழுவதையும் நிறுத்தினேன். அறை அமைதியானது. அப்போது அது சரியென்றே பட்டது.

டிசம்பர் 3, வியாழன்

புயல் இரவில் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்து மன்னார்ப் பக்கம் போய்விட்டது.

கிண்ணியா டவர் 2.50க்கு நின்றிருக்கிறது. கரண்ட் போய், ஜெனரேட்டர் தானாக எடுபடாமல், 48 வோல்ட் பேட்டரியிலேயே ஓடி ஓய்ந்திருக்கிறது. பேட்டரி இறங்குகிறது என்ற எச்சரிக்கை 12.25க்கே பதிவாகியிருக்கிறது. கிண்ணியாப் பாதை வேறு, நிலாவெளியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. பாலத்தைத் தாண்டிப் போய்க் கையால் ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணியிருக்கலாம். கரையோரச் சனம் பாடசாலைகளில் தங்கியிருந்த இரவில், அங்கே எங்கள் லைனை நம்பியிருந்தவர்களுக்கு விடியும்வரை லைன் இல்லை. அந்தப் பேட்டரி எச்சரிக்கையை மறைத்தது புயல் இல்லை, நான்.

மாலையில் சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்தபடி வந்தபோது மில்ஃபோர்ட் ஹேவன் ஞாபகம் வந்தது. 1994 ஜூலை 24, வேல்ஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையில் இருந்த இருவர் முன் 275 அலாரங்கள். அதற்குப் பிறகுதான் ஆலைகளுக்கு ஓர் அளவு வைத்தார்கள்: ஒருவருக்குப் பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தால் அது வெள்ளம். நேற்றிரவு என் மேசைக்கு வந்தது அதுதான்.

டிசம்பர் 5, சனி

புரெவி மன்னார் வளைகுடாவிலேயே நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் வெள்ளம்.

அண்ணையோடு இருந்து, பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து அதில் பாதைகளைக் கீறினோம். எங்களிடம் உள்ள வரைபடத்தின்படி துறைமுக வீதிக் கட்டடம் ஒன்று உவர்மலையோடு இணைந்திருக்கிறது. "அது எப்பவோ மாத்தினது. நான்தான் ஏறி டிஷ்ஷைச் சீனக்குடாப் பக்கம் திருப்பினனான்" என்றார். வரைபடத்தை நம்பி எழுதியிருந்தால், சீனக்குடா போகும்போதெல்லாம் இந்தக் கட்டடத்தையும் பழுதென்று காட்டி ஆளை அலையவிட்டிருக்கும். மென்பொருளுக்கு இதெல்லாம் தானாகத் தெரியாது, டவர் ஏறியவர்தான் சொல்லவேண்டும். அண்ணை ஓய்வு பெறமுன் எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிட வேண்டும்.

பிறகு தாய்களை எழுதினேன். இனித் தாய் விழுந்தால் பின்னால் உள்ளவை 'டவுன்' ஆகா, 'எட்டமுடியாதவை' என்று திரையில் மட்டும் நிற்கும், போனுக்கு வரா. மழைக்கு எழும்பி விழும் லிங்குகளுக்கு ஃப்ளாப் கண்டுபிடிப்பைப் போட்டேன். கடைசி 21 சோதனைகளில் நிலை எத்தனை தடவை மாறியது என்று பார்த்து, அளவு மீறினால் ஒரு தடவை சொல்லிவிட்டு அடங்கிவிடும். பேட்டரி, ஜெனரேட்டர் எச்சரிக்கைகளுக்குத் தனி வழி வைத்தேன். எல்லா அறிவித்தலையும் நிறுத்தும் உரிமையை டியூட்டியில் இருப்பவரிடமிருந்து எடுத்துவிட்டேன், என்னிடமிருந்தும்.

டிசம்பர் 9, புதன்

இரவு 11.05க்கு, வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, நிலாவெளி லிங்கை நாங்களே இறக்கினோம். அதே நேரம் கிண்ணியாவில் நின்ற பையன் பேட்டரி அலாரத்தைக் கையால் எழுப்பினான். போனுக்கு இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது: நிலாவெளி ரிலே டவுன். இரண்டாவது: கிண்ணியா, பேட்டரி.