ஆனந்தில் ஒரு கல்லூரி

அகமதாபாத்திலிருந்து பரோடா போகும் ரயில் பாதையில் இருக்கிறது ஆனந்த். பெயரைச் சொன்னதுமே அமுல் வெண்ணெய்தான் உங்கள் நினைவுக்கு வரும். வரட்டும், ஆனால் பால் பண்ணையைப் பார்த்த கையோடு ரயிலேறி விடாதீர்கள். அதே ஊரில் டாக்டர் வர்கீஸ் குரியன் 1979-ல் தொடங்கிய கிராம நிர்வாகக் கல்லூரியையும் பார்த்து வாருங்கள். குரியன் சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். நமக்கும் அவரிடம் கொஞ்சம் உரிமை உண்டு!

நிர்வாகம் படித்த பிள்ளைகள் பட்டணத்துக் கம்பெனிகளுக்குப் போய்விட்டால், உழவர்களின் சங்கத்தை யார் நடத்துவது? இந்தக் கவலையில் பிறந்ததுதான் கல்லூரி. 2025-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாயிற்று. 1946-ல் கேடா மாவட்டப் பால் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய திரிபுவன்தாஸ் படேலின் பெயர் அது.

படிப்பின் நடுவே மாணவர்களைப் பல வாரங்கள் கிராமத்தில் குடியிருக்க அனுப்பி வைப்பது இங்கே பழைய வழக்கம். புத்தகத்தில் கிராமத்தைப் படித்தவனுக்கு அங்கே முதல் சில நாட்கள் திண்டாட்டந்தான். பட்டம் வாங்கியபின் சிலர் பெரிய கம்பெனிகளுக்கே போய்விடுகிறார்கள் என்பதும் உண்மை. வீட்டு நிலைமை தெரியாமல் யாரைக் குறை சொல்ல? ஆனால் வங்கியிலோ, சர்க்கார் திட்டத்திலோ, தொண்டு நிறுவனத்திலோ அமர்ந்தால் அந்தக் கிராம வாசம் கைகொடுக்காமலா போகும்?

அந்தப் பாடத்தை நீங்களும் பார்க்கலாம். விடியற்காலையில் பக்கத்துக் கிராமத்துப் பால் சொசைட்டிக்குப் போய் நில்லுங்கள். பெண்கள் பாத்திரங்களோடு வரிசையில் வருவார்கள். பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ற விலை போடுவார்கள். தீவனத்துக்குப் போக, கடனுக்குப் போக, அந்த அம்மாள் கையில் என்ன மிஞ்சும்? மாணவன் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டிய கணக்கு அதுதான்.