மருமகள் படிக்கிற அத்திவார வருசம்

வீடு கட்டேக்க அத்திவாரத்துக்கு எவ்வளவு கல்லும் சீமெந்தும் போனாலும் எங்கட ஆக்கள் கணக்குப் பார்ப்பதில்லை. "கீழ பலமா இருந்தால்தான் மேல நிக்கும்" என்று சொல்லிச் சொல்லியே காசைக் கொட்டுவோம். ஆனால் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் "பவுண்டேசன் இயர்" படிக்கிறாள் என்றால் மட்டும், "ஏன், றிசல்ட் சரிவரேல்லையோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பம். பவுண்டேசன் என்றாலும் அத்திவாரந்தானே?

லண்டனில் இருக்கிற என்ர தங்கச்சியின் மகள் 2023 இல் உளவியல் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று வருசம். இவளுக்கு முன்னால ஒரு அத்திவார வருசமும் சேர்த்து நாலு. தங்கச்சி போன் எடுத்து அழுதாள். "அண்ணை, நீங்கள் சொன்னால் கேப்பாள். அக்கவுண்டிங் எண்டாலும் எடுக்கச் சொல்லுங்கோ" என்றாள். மச்சானின் கவலை வேற மாதிரி. "விசருக்குப் படிக்கிறாளோ எண்டு கோயிலடியில கேக்கினம்" என்றார்.

நான் ஓ/எல் வரைக்கும் படிச்சவன். தெரியாத விசயத்தில புத்தி சொல்லுறதுக்கு முதல், படிக்கிற பிள்ளையிட்டயே கேட்போம் என்று நினைச்சன். தோட்டத்தில தண்ணி மாறிவிட்டு வந்து, அங்க விடியிற நேரம் பார்த்து, கன ஞாயிற்றுக்கிழமை கதைச்சிருக்கிறம். அதில விளங்கினதை எழுதிவைக்கிறன். வெளிநாட்டில பிள்ளைகள் இருக்கிற கன வீடுகளில இந்தக் கதை நடக்குது.

முதலில அந்த வருசம் என்னத்துக்கு என்று பார்ப்பம். எங்கட நாட்டில ஏ/எல் சோதனையை மூன்று தரம் எடுக்கலாம். அதுக்குள்ள இசட் புள்ளி காணாவிட்டால் அரச பல்கலைக்கழகத்துக்கு நேரே போற கதவு பூட்டு. இங்கிலாந்தில வேற கதவுகளும் வைச்சிருக்கினம், அதில ஒன்று இது. ஏ லெவலில கேட்ட புள்ளி வராதவர்கள், வேற பாடம் படிச்சவர்கள், பள்ளிக்கூடத்தை விட்டுக் கன வருசமானவர்கள் எல்லாரும் இதுக்குள்ளால போகலாம். அந்த வருசத்தில பாஸ் பண்ணினால் அதே படிப்பின்ர முதலாம் வருசத்துக்குப் போகலாம். அந்தப் புள்ளிகள் கடைசிப் பட்டத்தின் வகுப்பில சேராது.

எங்கட பிள்ளைக்கு நடந்தது முதலாவது. டொக்டராக்க வேணுமென்று உயிரியல், இரசாயனம், கணிதம் மூன்றையும் வீட்டில தெரிவு செய்து குடுத்திச்சினம். இரசாயனம் காலை வாரிப்போட்டுது. "தோத்த பிள்ளையளோட இருத்திப்போட்டாங்கள்" என்பதுதான் தங்கச்சியின் மனவருத்தம். ஆனால் மருமகளின் வகுப்பில இருந்தவர்கள் ஆர் தெரியுமோ? முதியோர் இல்லத்தில பதினைந்து வருசம் வேலை செய்த ஒரு மனுசி. ரெண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில விட்டுட்டு ஓடிவாற ஒரு தாய். பஸ் ஓட்டின ஒருத்தர். "மாமா, எனக்குத்தான் அங்க அனுபவம் காணாது" என்று சிரிச்சாள்.

அங்க என்ன படிப்பிக்கினம்? நான் நினைச்சது, ஆக்களின்ர முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லுற வித்தை என்று. அப்படி ஒன்றுமில்லை. கட்டுரை எழுதுற முறை, எடுத்த இடத்தைச் சொல்லி எழுதுற முறை, மூளையும் நரம்பும், பிறகு புள்ளிவிபரவியல். கணக்குக்குப் பயந்து இரசாயனத்தை விட்டவளைக் கணக்கு பின்னால கலைச்சுக்கொண்டு வந்திட்டுது. 1879 இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில வில்கெல்ம் வுண்ட் என்றவர் உளவியலுக்கென்று ஒரு ஆய்வுகூடம் நடத்தத் தொடங்கினாராம். அந்தக் காலத்திலிருந்து இந்தப் படிப்பு "எனக்கு அப்பிடித் தோன்றுது" என்பதை ஏற்காது, அளந்து காட்டு என்று கேட்கும்.

இதை அவள் சொல்லேக்க எனக்கு நல்லா விளங்கினது. புது உரம் நல்லதோ என்று பார்க்க, ரெண்டு வெங்காயப் பாத்தி எடுப்பம். ஒரே நாள் நடுகை, ஒரே விதை, ஒரே கிணத்துத் தண்ணி. ஒன்றுக்கு மட்டும் உரம். அப்பத்தான் வித்தியாசம் உரத்தால வந்ததென்று சொல்லலாம். "மாமா, அதைத்தான் எங்கட வகுப்பில ஒரு கிழமை முழுக்கப் படிப்பிச்சவை" என்றாள்.

அவள் சொன்ன பரிசோதனைகளில எனக்கு மறக்க முடியாதது ஒன்று. 1974 இல் அமெரிக்காவில எலிசபெத் லோப்டஸ், ஜோன் பாமர் என்ற ரெண்டு பேர் செய்தது. 150 மாணவர்களுக்குக் கார் மோதுற படத்தைக் காட்டினார்கள். 50 பேரிட்ட "கார்கள் முட்டினபோது எவ்வளவு வேகம்?" என்று கேட்டார்கள். இன்னொரு 50 பேரிட்ட "நொறுங்க மோதினபோது எவ்வளவு வேகம்?" என்று கேட்டார்கள். மிச்ச 50 பேரிட்ட வேகத்தைப் பற்றியே கேட்கேல்லை. ஒரு கிழமை கழிச்சு, "கண்ணாடி உடைஞ்சதைக் கண்டீங்களோ?" என்று எல்லாரிட்டயும் கேட்டார்கள். படத்தில உடைஞ்ச கண்ணாடியே இல்லை. "முட்டின" என்று கேட்கப்பட்டவர்களில 7 பேர் கண்டம் என்றார்கள். "நொறுங்க மோதின" என்று கேட்கப்பட்டவர்களில 16 பேர். ஒரு சொல்லு மாறினதால காணாததைக் கண்டிருக்கினம்!

எங்கட ஊரில எல்லைப் பிணக்கு இல்லாத ஒழுங்கை இல்லை. விசாரிக்க வாறவர் "வேலி எங்க நிண்டது?" என்று கேட்கிறதில்லை. "வேலியை எப்ப அரக்கினவை?" என்றுதான் கேட்கிறார். பக்கத்து வீட்டுக் கிழவரும் யோசிச்சு ஒரு வருசம் சொல்லுவார். அவர் பொய் சொல்லேல்லை. கேட்ட கேள்வியே அவருக்கு ஒரு ஞாபகத்தைக் கட்டிக் குடுக்குது. இதைக் கேட்ட பிறகு நான் எங்கயாவது சாட்சிக்குப் போனால், பதில் சொல்ல முதல் கேள்வியை ஒருக்கால் மனதுக்குள்ள திருப்பிப் பார்க்கிறன்.

அத்திவார வருசம் முடியிற நேரம் அவளுக்கு ஒரு பெரிய கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தலைப்பைத் தானே தெரிவு செய்யலாம். அவள் எடுத்தது எங்கட நாட்டுக் கதை. "மாமா, முந்தித் தோட்டத்துக்கு என்னென்ன மருந்து அடிச்சனீங்கள்? இப்ப எது கடையில இல்லை?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு ஒருக்கால் நிண்டுபோச்சு. மருந்துப் போத்தலால போன ஆக்கள் இல்லாத ஊர் எங்கட பக்கத்தில இல்லை. ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

1995 இல் இலங்கையில லட்சம் பேருக்கு 47 பேர் தங்கட உயிரைத் தாங்களே எடுத்திருக்கினம். உலகத்திலயே மிகக் கூடின கணக்குகளில அது ஒன்று. அந்த வருசம் கடும் நஞ்சான சில பூச்சிகொல்லிகளை அரசு நிறுத்தினது. 1998 இல் எண்டோசல்பனும் போச்சு. 2005 வரைக்கும் அந்தக் கணக்கு ஏறக்குறையப் பாதியாயிட்டுது. "ஒண்டை நிப்பாட்டினால் வேற வழி பாப்பினம்" என்றுதான் நானும் நீங்களும் சொல்லுவம். ஆராய்ச்சியாளர்கள் அதைச் சும்மா நம்பேல்லை. வேலையில்லாத் திண்டாட்டம் குறைஞ்சதோ, குடி குறைஞ்சதோ, சண்டை நடந்த வருசங்களோட ஏதும் தொடர்போ என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கினம். அதுகளால இந்தக் குறைவை விளக்க முடியேல்லை. மருந்துத் தடையோடதான் பொருந்திச்சுது. ஒரு கெட்ட மணித்தியாலத்தில கைக்கு எட்டின தூரத்தில நஞ்சு இல்லாவிட்டால், கனபேர் அந்த மணித்தியாலத்தைத் தாண்டி வந்திடுவினம். இப்ப என்ர மருந்துப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறன். திறப்பு வீட்டில இல்லை, அயல் வீட்டில.

(ஆருக்காவது மனம் அப்பிடி நிலைகுலைஞ்சு இருந்தால் 1926 க்கு எடுங்கோ. எங்கட நாட்டின் மனநல உதவி இலக்கம். எடுக்கிறதில வெட்கம் ஒன்றுமில்லை.)

சண்டை முடிஞ்ச ஊரில இந்தப் படிப்பின் பெறுமதியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் சண்டைக்குள்ளேயே இருந்து இதைச் செய்தவர்கள். 1998 இல் அவர் எழுதின ஆங்கிலப் புத்தகம், சண்டை எங்கட ஆக்களின்ர மனதில விட்ட காயத்தைப் பற்றினது. அந்தக் காயத்தோட கனபேர் லண்டனுக்கும் போயிருக்கினம். அங்க டொக்டரிட்டப் போய் "நெஞ்சுக்க ஏதோ அடைக்குது, ஒரே யோசினையா கிடக்கு" என்பினம். மொழிபெயர்க்கிறவர் நெஞ்சுநோ என்று சொல்லிவிடுவார், இதயத்தைச் சோதிப்பினம். இதயத்தில ஒன்றும் இராது. மருமகள் இப்ப என்னிட்ட இந்தச் சொற்களை எழுதி வாங்குறாள். யோசினை, மனம் விட்டுப்போறது, ஈரல் கருகிறது, உடம்பெல்லாம் எரியிறது. "மனச்சோர்வு எண்டு புத்தகத்தில இருக்கு, அம்மம்மா ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை மாமா" என்றாள்.

இனிக் காசு. அதையும் மறைக்கக் கூடாது. அவள் சேர்ந்த வருசம் கட்டணம் 9,250 பவுண். பிறகு கூட்டிப்போட்டாங்கள். நாலு வருசமென்றால் 37,000 ஐத் தாண்டும், சாப்பாடு இருப்பிடம் வேற. கடன் தருவினம். படிச்சு முடிச்சு வருசம் 25,000 பவுணுக்கு மேல உழைச்சால், மேலதிகமாக உழைக்கிறதில நூற்றுக்கு 9 வீதம் வெட்டுவினம். 40 வருசத்தில கட்டி முடியாட்டில் மிச்சத்தை அழிச்சு விடுவினம். அத்திவார வருசத்தால அந்தக் கடனில ஒரு வருசக் காசு கூடுது என்பது உண்மை.

பாதையும் நீளம். இந்தப் பட்டத்தோட ஆரும் சிகிச்சை உளவியலாளர் என்று பலகை போட முடியாது. அந்தப் பெயர் அங்க சட்டத்தால காக்கப்பட்டது. பிரித்தானிய உளவியல் சங்கம் ஏற்ற பட்டம் வேணும், ரெண்டாம் வகுப்பாவது வேணும், பிறகு ஆக்களோட வேலை செய்த அனுபவம் வேணும், அதுக்குப் பிறகு மூன்று வருசக் கலாநிதிப் படிப்பு. அதுக்கும் போட்டி அடிபிடி. மருந்து எழுதுற மனநல வைத்தியர் வேற, அவர் முதலில டொக்டருக்குப் படிச்சவர். எல்லாரும் கடைசிவரை போறதுமில்லை. பள்ளிக்கூடம், உளவளத்துணை, ஆய்வு, கந்தோர் வேலை என்று பிரிஞ்சு போவினம்.

இதெல்லாம் கேட்டுப்போட்டுத் தங்கச்சிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "பிஞ்சுக் கத்தரிக் கன்றை அவசரப்பட்டு மேடையால பிடுங்கி நட்டால் பாதி பட்டுப்போம். பிறகு திரும்ப மேடை போடவேணும். இவள் மேடையில நிண்டு தண்டு முத்தி வாறாள். விடு." தங்கச்சி உடனே சமாதானமாகேல்லை. இப்பவும் முழுக்க ஆகேல்லை. ஆனால் முதலாம் வருசத்தில புள்ளிவிபரவியலில நேரே வந்த பிள்ளைகள் கனபேர் தடுமாறினபோது, இவள் அவைக்குச் சொல்லிக் குடுத்தாளாம். அதைத் தங்கச்சிதான் எனக்குச் சொன்னாள், குரலைத் தாழ்த்தாமல்.

பிள்ளையை இந்த வழியில விட யோசிக்கிறவை நாலு கேள்வியை முதலில கேளுங்கோ. அத்திவார வருசத்தில பாஸ் பண்ணினால் முதலாம் வருசத்துக்கு இடம் நிச்சயமோ? எத்தினை புள்ளி வேணும்? அந்தப் பட்டத்தை பிரித்தானிய உளவியல் சங்கம் ஏற்றதோ? அந்த வருசத்துக்கும் கடன் கிடைக்குமோ? இந்த நாலுக்கும் எழுத்தில பதில் வாங்குங்கோ. ஐந்தாவது கேள்வியைப் பிள்ளையிட்டக் கேளுங்கோ, என்ன படிக்க விருப்பமெண்டு. அதைக் கேட்கேக்க "அக்கவுண்டிங் தானே?" என்று கேட்காதேங்கோ.

அவள் இப்ப ரெண்டாம் வருசம். வாற ஆடிக்கு ஊருக்கு வாறாளாம். அயல் அம்மாமாரிட்ட இருந்து சொற்கள் சேர்க்க ஒரு கொப்பி கொண்டுவாறாளாம். மிளகாய் ஆயிற நேரந்தான் அது. வேலையோட வேலையா அவையும் கதைப்பினம்.