நான் வெட்டிய பந்தி

கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில், பழைய பத்திரிகைக் கட்டின் மேல் பாரமாக ஒரு பிஸ்டன் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் தலையில் ஒரு ரூபாக் குற்றி நுழையுமளவுக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு மெழுகுபோல உருகி உறைந்திருக்கிறது. அவருடைய லொறியிலிருந்து கழற்றப்பட்டது அது. அந்த ஓட்டையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டை இலங்கையில் வாழ்ந்து கடந்தவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. வெளிநாடுகளிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. லொறிச் சாரதிகள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். வரிசையிலேயே உயிரை விட்டவர்களும் உண்டு. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது, ஒரு லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர் என்று அளந்தார்கள். துறைமுகத்திலிருந்து கண்டிக்குச் சரக்கேற்றும் என் நண்பருக்கு அது ஒரு தடவை போய்வரவே சரியாக இருந்தது.

அந்த நாட்களில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். டீசல் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றோடு சிறிதளவு எரிவாயுவைக் கலந்துவிட்டால் டீசல் மிச்சமாகும், அவுஸ்திரேலியாவில் நெடுந்தூரக் கனரக லொறிகளில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதில் பொய் எதுவுமில்லை. ஆனால், இடம் போதவில்லை என்று கடைசிப் பந்தியை நானே வெட்டினேன்.

நண்பர் ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் கராஜ் நடத்தியவர். 1990களின் முற்பாதியில், பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் அரும்பொருளாகியிருந்தது. சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் எங்கள் தலைமுறை மறக்காது. அந்த வித்தையில் அவர் கைதேர்ந்தவர். 1995 இடப்பெயர்வுக்குப் பின் கொழும்புக்கு வந்தும், எதைக் கொடுத்தாலும் எஞ்சின் பழகிக்கொள்ளும் என்ற நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை.

என் கட்டுரையை வாசித்தவர், காஸ் மறுபடி கிடைக்கத் தொடங்கியதும் வீட்டுச் சிலிண்டர் ஒன்றை லொறியில் கட்டினார். றப்பர் குழாயைக் காற்று வடிகட்டிக்குப் பின்னால் செருகி, கையால் திருகும் வால்வு ஒன்றைப் பூட்டினார். முதல் இரண்டு கிழமை அவருக்கு வெற்றிதான். “தம்பி, நீர் எழுதினது சரி” என்று வெள்ளவத்தைக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது. மூன்றாம் கிழமை, முழுச் சுமையோடு கடுகண்ணாவை ஏற்றத்தில், சுத்தியலால் இரும்பில் அடிப்பதுபோல எஞ்சின் சத்தமிட்டது. இழுவை போதவில்லை என்றெண்ணி இன்னும் கொஞ்சம் காஸைத் திறந்தார். லொறி அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

நான் வெட்டிய பந்தியில் இருந்தது இதுதான். பெற்றோல் எஞ்சினைப்போல டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சித் தீமூட்டுகிறார்கள். காஸ் இலகுவில் தானாகப் பற்றாது. டீசல்தான் அதற்குத் தீக்குச்சி. காஸ் எரிந்து வேகம் கூடும்போது, கவர்னர் டீசலைக் குறைக்கிறது. மிச்சம் வருவது அப்படித்தான். ஆனால், எஞ்சின் சுமையின்றி மெதுவாக ஓடும்போது காஸ் காற்றில் மிக ஐதாக இருப்பதால், பாதி எரியாமலே புகைக்குழாயால் போய்விடுகிறது. முழுச் சுமையில் இதற்கு எதிர்மாறு. காஸ் கூடினால் முழுவதும் ஒரே கணத்தில் பற்றி எஞ்சினை அதிரவைக்கிறது. சூடு எல்லை கடந்து பிஸ்டன் உருகுகிறது. நடுத்தரச் சுமையில்தான் உண்மையான பயன். ஆகவே, சுமையறிந்து காஸை அளக்கவும், மிதியிலிருந்து கால் எடுத்ததும் அதை நிறுத்தவும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். கையால் திருகும் வால்வுக்கு ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. ஓடும் லொறியில் ஆடிக்கொண்டிருக்கும் வீட்டுச் சிலிண்டரின் ஆபத்து வேறு.

காஸிலும் வேறுபாடு உண்டு. புரொப்பேனைவிடப் பியூட்டேன் இலகுவில் எஞ்சினை அதிரச் செய்யும். 2021 இறுதியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தபோது, சிலிண்டருக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்று நாடே கேட்டது. அடுப்புக்காக அந்தக் கேள்வியை எழுதிய நான், லொறிக்காக எழுதவில்லை. மண்ணெண்ணெயில் பிழைத்த யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின் கார்கள் ஏழெட்டு மடங்கே அழுத்துபவை. எங்கள் பிழைகளைப் பொறுத்துக்கொண்டன. டீசல் எஞ்சின் பொறுப்பதில்லை.

நண்பரின் யோசனை மடத்தனமானதல்ல. 2020இல் சேவைக்கு வந்த ‘சிஎம்ஏ சிஜிஎம் ஜாக் சாதே’ என்ற, 23,000 கொள்கலன்களை ஏற்றவல்ல கப்பல் இயற்கை வாயுவில் ஓடுகிறது. அதன் எஞ்சினிலும் தீமூட்டுவதற்குச் சிறிதளவு எண்ணெய்தான் பீய்ச்சப்படுகிறது. அங்கே ஒவ்வொரு துளியையும் அளக்கக் கருவி உண்டு. இவருக்கு அளந்து சொல்ல இருந்தது என் கட்டுரை மட்டுமே.

எஞ்சினைத் திருத்த அவருடைய மனைவியின் காப்புகள் செட்டியார் தெருவுக்குப் போயின. உதிரிப்பாகங்களுக்காகப் பஞ்சிகாவத்தையில் அவரோடு நானும் கடைகடையாக ஏறி இறங்கினேன். அப்போதுதான் வெட்டிய பந்தியைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “பேப்பரிலை நீர் பொய் எழுதேல்லைத் தம்பி. முழுக்க எழுதேல்லை” என்றார். முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் எந்த ஆசிரியரும் என்னை அப்படிக் கண்டித்ததில்லை.

2023 செப்டெம்பரில் எரிபொருள் பங்கீடு நீங்கியது. இனி இதை யார் வாசிப்பார்கள் என்று அவரே கேட்கிறார். ஆனால், தட்டுப்பாடு எங்களுக்குப் புதிதல்ல; அது திரும்பி வராது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. அப்படியொரு நாளில் யாராவது றப்பர் குழாயைக் கையில் எடுப்பாராயின், அதற்கு முன் இந்தப் பந்தி அவர் கண்ணில் படவேண்டும்.