அடைக்கலமாக வந்தவனுக்கு ஓர் இல்லம்

மகாபாரதத்தின் தொடக்கத்தில் ஒரு நாய் வருகிறது. முடிவை நெருங்கும்போது இன்னொரு நாய் வருகிறது. ஆதிபர்வத்தில், குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜயன் வேள்வி நடத்தும் இடத்திற்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அது அவிசைத் தொடவில்லை, ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆயினும் அரசனின் தம்பியர் அதை அடித்து விரட்டுகின்றனர். அழுதுகொண்டு ஓடிய குட்டியின் தாயான சரமை, வேள்விச் சாலைக்கே வந்து நியாயம் கேட்கிறாள். மறுமொழி சொல்ல அங்கு ஒருவருக்கும் நா எழவில்லை. சரமையின் சாபம் ஜனமேஜயனைக் கலங்க வைக்கிறது.

பதினேழாவது பர்வமான மகாபிரஸ்தானிகத்தில், தருமபுத்திரரின் இறுதிப் பயணத்தில் ஒரு நாய் அவரைப் பின்தொடர்கிறது. இந்திரன் தேரோடு வந்து அழைத்தபோதும், நம்பி வந்த அந்த உயிரை விட்டுவிட்டுத் தேவலோகம் வர அவர் இசையவில்லை. அந்த நாயே தருமதேவதை என்பது பின்னர் விளங்குகிறது.

இவ்விரு கதைகளையும் உபன்யாசங்களில் பலமுறை கேட்டவர், மயிலாப்பூரில் கபாலீசுவரர் திருக்கோயிலுக்கு அருகில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். எழுபத்தாறு வயது. கேட்ட கதை ஒரு நாள் தம் வீட்டிற்குள்ளேயே ஒரு கேள்வியாக எழுந்து நிற்கும் என்று அவர் எண்ணியதில்லை.

ஓர் ஐப்பசி மாதத்து அடைமழையில் அந்த நாய் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து ஒதுங்கியது. பொன்னிற மயிர், தோளைத் தொடும் நீண்ட காதுகள், கழுத்தில் அறுந்த கயிறு. காதுகளில் சீழ் வைத்திருந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, இது காக்கர் ஸ்பானியல் இனம், மூன்று வயது இருக்கலாம் என்றார். கடைகளிலும் அக்கம்பக்கத்திலும் பல நாள் விசாரித்தும் தேடி வந்தவர் எவருமில்லை. வாங்கிய ஆசை தீர்ந்ததும் தெருவில் விடப்பட்ட எத்தனையோ உயிர்களில் இதுவும் ஒன்று என்பது தெளிவாயிற்று.

தலைமையாசிரியரின் மனைவி அதற்கு மணி என்று பெயரிட்டார். அன்று முதல் அவர் வாயில் ‘அது’ என்ற சொல் வரவில்லை. ‘அவன்’ என்றே சொன்னார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியும் ஆசிரமத்து நாய்களை அப்படித்தான் ‘அவன்’, ‘அவள்’ என்று குறிப்பிடுவார். ஜாக்கி என்ற நாயின் சமாதியை, பசு லட்சுமியின் சமாதியோடு இன்றும் ரமணாசிரமத்தில் காணலாம்.

மணிக்கு மனிதர் என்றால் உயிர். பால் கொண்டுவருபவர், பூக்காரம்மாள், அஞ்சல்காரர் என யார் வந்தாலும் உடம்பே வாலாக ஆடும். சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தை அவனுக்கும் ஒரு கவளம் வைக்கலாமா என்று அம்மையார் கேட்டபோது மருத்துவர் தடுத்துவிட்டார். பொங்கலில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வெங்காயம் சேர்த்த சாம்பாரும் ஆகாது. அதன்பின் அவனுக்கென்று வெறும் சோறும் வேகவைத்த காய்கறியும், மருத்துவர் சொன்ன தீவனமும் தனியே ஒதுக்கப்பட்டன. வாரம் இருமுறை காதுகளைத் துடைத்து, நாள்தோறும் மயிரைச் சீவிவிடுவது அம்மையாரின் மாலைக் கடமைகளில் ஒன்றாயிற்று.

ஸ்பானியல் இனம் வேட்டைத் துணையாக வளர்க்கப்பட்டது. புதருக்குள் பாய்ந்து, பதுங்கியிருக்கும் பறவைகளைக் கிளப்பிவிடுவதே அதன் தொழில். அந்த இயல்பு தலைமுறை தலைமுறையாக இரத்தத்தில் ஊறியது. ஒரு விடியற்காலையில், தெப்பக்குளத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது, புறாக்கூட்டம் ஒன்று சடசடவென்று எழுந்தது. மணி பாய்ந்தான். வாரைக் கையில் சுற்றியிருந்த பெரியவர் நிலைதடுமாறி விழுந்தார். தொடையெலும்பு முறிந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பியபோது, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்த மணி இரவெல்லாம் அங்கிருந்து அசையவில்லை. ஆனால் பகற்பொழுது வேறாக இருந்தது. நாளுக்கு இருமுறை ஓடி ஆடித் திரியவேண்டிய உயிர் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டது. செருப்புகளைக் கடித்தான்; கதவைப் பிறாண்டினான்; காரணமின்றிக் குரைத்தான். அது குறும்பன்று, உடம்பில் தேங்கிய வேகம். முழங்கால் வலியோடு நடக்கும் அம்மையாரால் அவனை வெளியே அழைத்துச் செல்லவும் முடியவில்லை.

பெங்களூரில் இருந்த மகன் தொலைபேசியில், “ஏதாவது காப்பகத்தில் விட்டுவிடுங்கள், அம்மா” என்றான். அம்மையாருக்குக் கண் கலங்கியது. “தருமர் சொர்க்கத்தையே வேண்டாம் என்றார். என் முழங்கால் வலிக்காக நான் இவனை வேண்டாம் என்பதா?” என்று கணவரிடம் கேட்டார்.

பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. படுத்த படுக்கையில் சில நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மாலையில் மனைவியை அருகில் அமரச் சொன்னார்.

“தம்பியரையும் திரௌபதியையும் வழியில் விட்டுவிட்டு வந்தவர், நாயை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று இந்திரன் கேட்கிறான் அல்லவா? அவர்கள் உயிர் நீத்தபின்தான் நீங்கினேன், உயிரோடு இருக்கும்போது விடவில்லை என்கிறார் தருமர். தன்னை நம்பி நிற்கும் உயிரை நடுவழியில் தவிக்கவிட்டு, தான் மட்டும் சுகமான இடத்துக்குப் போவதைத்தான் அவர் பாவம் என்கிறார். இங்கே தவிப்பவன் யார்? மணிக்கு இன்னும் பத்து ஆண்டு ஆயுள் இருக்கிறது. அப்போது எனக்கு எண்பத்தாறு. நமக்குப் பிரிவு வலிக்கும் என்பதற்காக அவனைக் கட்டிப்போட்டு வைத்தால், அதுவும் கைவிடுவதுதான். அவனுக்குத் தகுந்த இடத்தைத் தேடி, நம் கையால் ஒப்படைத்தால் அது வேறு.”

அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “தகுந்த இடம்தானா என்று நான் பார்த்துச் சொல்வேன். அதுவரை எங்கும் அனுப்பக்கூடாது” என்றார்.

தேடல் தொடங்கியது. முதலில் மருத்துவரின் அறிவுரைப்படி மணிக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். வெறிநோய்த் தடுப்பூசி உள்ளிட்டவை குறிக்கப்பட்ட அட்டையை ஒழுங்காக வைத்துக்கொண்டார்கள். பெரியவர் ஒரு தாளில் மணியின் இயல்பு முழுவதையும் எழுதினார். அன்பானவன், குழந்தைகளோடு பழகுவான் என்பதோடு நிறுத்தவில்லை. வாரை இழுப்பான், பறவையைக் கண்டால் பாய்வான், தனியே விட்டால் அழுவான், காதுகளுக்கு ஆயுள் முழுதும் கவனிப்பு வேண்டும் என்பவற்றையும் மறைக்காமல் எழுதினார். “குறையைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்” என்றார் அண்டை வீட்டார். “குறை தெரியாமல் வருபவர் குறை தெரிந்ததும் விட்டுவிடுவார். இன்னொரு முறை இவன் தெருவைப் பார்க்கக்கூடாது” என்றார் பெரியவர்.

முதலில் வந்தவருக்குத் தோட்டத்துடன் கூடிய பெரிய பங்களா இருந்தது. காவலுக்கு ஒரு நாய் தேவை, வாயிற்கதவருகே சங்கிலியில் இருக்கும் என்றார். திருடனையும் வாலாட்டி வரவேற்கும் மணிக்கு அது சிறை. அம்மையார் காபி கொடுத்து உபசரித்து, மன்னிக்கச் சொல்லி அனுப்பினார். இரண்டாவதாகத் தொலைபேசியில் பேசியவர் கருத்தடை செய்தாயிற்றா என்று மட்டும் கேட்டார். ஆம் என்றதும் தொடர்பைத் துண்டித்தார். குட்டி போட வைத்து விற்பவர்களின் வழி அது என்று மருத்துவர் பின்னர் சொன்னார். மூன்றாவதாக வந்த இளந்தம்பதியர் நல்லவர்கள். ஆனால் இருவரும் காலையில் போனால் இரவில் திரும்புபவர்கள். பகல் முழுதும் பூட்டிய வீட்டில் மணி என்ன செய்வான்?

ஒவ்வொருவரும் திரும்பிப் போகும்போது அம்மையாருக்கு உள்ளூர ஒரு நிம்மதி ஏற்பட்டது. மறுநாள் காலையில் வாரை வாயில் கவ்விக்கொண்டு மணி வாசலில் வந்து நிற்கும்போது அந்த நிம்மதி கரைந்து போயிற்று.

நான்காவதாகத் திருவான்மியூரிலிருந்து ஒரு பெண் வந்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வீட்டில் மாமியாரும் பத்து வயது மகனும் இருந்தனர். பதினான்கு ஆண்டு வளர்த்த நாய் முதுமையால் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தாள் முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, “ஐயா, இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இவனுக்கு எதைக் கண்டால் பயம்?” என்று கேட்டார்.

அதுவரை வந்த எவரும் அதைக் கேட்டதில்லை. அம்மையார் தாமே விடை சொன்னார். “கழுத்தில் கயிறு கட்டினால் நடுங்குவான். வார்ப்பட்டை என்றால் பரவாயில்லை. பட்டாசு சத்தம் கேட்டால் என் புடவைத் தலைப்புக்குள் முகத்தை வைத்துக்கொள்வான்.” சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. அந்தப் பெண் அதையும் தாளின் அடியில் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறன்று அம்மையார் திருவான்மியூர் சென்று வீட்டைப் பார்த்தார். சுற்றுச்சுவர், கதவு, தண்ணீர் வைக்கும் இடம், பகலில் வீட்டிலிருக்கும் மாமியாரின் முகம் எல்லாவற்றையும் கவனித்தார். வெயில் ஏறுமுன் கடற்கரை மணலில் ஓட்டம், மாலையில் பையனோடு விளையாட்டு என்றார்கள். ஒத்துவராவிட்டால் எந்நேரமும் மணியைத் தங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் மருந்தீசுவரர் சந்நிதியில் நின்று, தமக்காகவும் அவனுக்காகவும் வேண்டிக்கொண்டார்.

ஒப்படைத்த நாளில் உணவுக் கிண்ணம், சீப்பு, தடுப்பூசி அட்டை இவற்றோடு தம் பழைய நூற்புடவை ஒன்றையும் மடித்துக் கொடுத்தார். பழகிய வாசனை புதிய இடத்தில் துணையாக இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கார்க் கதவு திறந்ததும் மணி ஒரே தாவலில் ஏறிவிட்டான். பையனின் முகத்தை நக்கினான். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வேகம் அம்மையாரின் நெஞ்சில் தைத்தது. வாசலில் நடைக்கோலோடு நின்றிருந்த பெரியவர், “மனிதரை நம்பலாம் என்று இந்த வீட்டில் கற்றுக்கொண்டிருக்கிறான். அதனால்தான் ஏறினான்” என்றார்.

புதிய வீட்டில் மனம் ஊன்றும்வரை பழையவர்கள் போய்ப் பார்ப்பது நாயைக் குழப்பும். ஆகவே ஒரு மண்டலம் போவதில்லை என்று அம்மையார் விரதம் போல ஏற்றுக்கொண்டார். நாற்பத்தெட்டு நாளும் மாலையில் காது துடைக்கும் நேரம் வந்தால் கை வெறுமையாக இருந்தது. அந்த நேரத்தில் சகஸ்ரநாமம் படித்தார். முதல் வாரம் மணி சரியாக உண்ணவில்லை என்று செய்தி வந்தபோது போய்விடத் துடித்தார், போகவில்லை. மூன்றாம் வாரம், பையனின் கட்டிலுக்கடியில் உறங்குகிறான் என்று செய்தி வந்தது.

மண்டலம் நிறைந்ததும் சென்றார். மணி அவரைக் கண்டதும் மேலே தாவி, சுற்றிச் சுற்றி ஓடி, காலடியில் உருண்டான். சற்று நேரத்தில் ஆசிரியை வாரை எடுத்தார். மணி அம்மையாரின் மடியை விட்டெழுந்து ஓடிப்போய் அவர் முன் நின்றான். அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டார், சிரித்தார். காதுகளைத் தூக்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தன.

பிராணிகளை வளர்க்கும் முதியோர் சிந்திக்கவேண்டியது இதில் உண்டு. துள்ளித் திரியும் இளம் நாயைவிட, ஓட்டம் அடங்கிய வயதான நாய் முதியோர் இல்லத்துக்குப் பொருந்தும். எந்த உயிரை ஏற்றாலும், தம்மால் இயலாமற் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முன்னரே பேசி எழுதி வைப்பது நலம். வளர்த்த பிராணி பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி அதைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கற்றறிந்த அந்தணரிடமும் பசுவிடமும் யானையிடமும் நாயிடமும் ஞானிகள் ஒன்றையே காண்கிறார்கள் என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் பகவான் அருளியதை ஏற்பவர்களுக்குச் சட்டம் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஒரு பிரதோஷத்தன்று, கோயில் பிராகாரத்தில் தெரிந்தவர் ஒருவர் அம்மையாரிடம், “நாயை யாருக்கோ கொடுத்துவிட்டீர்களாமே?” என்று கேட்டார்.

“கொடுக்கவில்லை. சேர்த்துவிட்டோம்” என்றார் அம்மையார்.