ஒட்டுப் போட்ட கிட்டாருக்கு என்ன விலை?

பி.காம். படித்தவனுக்குக் குடும்பத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. கல்யாணம் என்றால் மொய் நோட்டு அவன் கையில்தான். பழைய ஸ்கூட்டர் விலை, ஒத்திப் பணம், சீட்டுக் கணக்கு எல்லாம் அவனிடம்தான் வரும். "நான் படிச்சது பற்று வரவு மட்டும்தாங்க" என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த வரிசையில் போன வருஷம் எனக்கு வந்து சேர்ந்தது ஓர் எலெக்ட்ரிக் கிட்டார்!

கிட்டார் என் தாய்மாமாவுடையது. மாமா பகலில் குமாஸ்தா, ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் கிட்டாரிஸ்ட். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து 1974-இல் வாங்கிய கிப்ஸன் எஸ்.ஜி., அமெரிக்கச் சரக்கு. செக்கச் செவேலென்று, தலைக்கு இரண்டு கொம்பு முளைத்த மாதிரி இருக்கும். சின்ன வயசில் அதைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

மாமா காலமான பிறகு, பிரித்துக்கொள்ள வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கிட்டார்தான். மச்சான் விற்கலாம் என்றான். அவன் தங்கை, "என் பையன் வாசிக்கிறான், நானே வெச்சுக்கறேன். அண்ணன் பங்கைப் பணமா குடுத்துடறேன்" என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் எவ்வளவு பணம்? அண்ணனும் தங்கையும் இரண்டு மாசம் பேசாமல் இருப்பதற்கு இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. அத்தை எனக்குப் போன் செய்தாள். "நீ வந்து ஒரு விலையைப் போட்டுட்டுப் போப்பா. தீபாவளிக்காவது ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காரட்டும்."

இதில் சிக்கல் என்னவென்றால், அந்தக் கிட்டாருக்கு ஒரு தடவை தலை போய்த் தலை வந்திருந்தது. 1983-இல் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில் யாரோ ஒயரில் கால் தடுக்க, கிட்டார் மேடையிலிருந்து விழுந்து, சாவிகள் இருக்கும் தலைப்பாகம் கழுத்தோடு முறிந்துவிட்டது. இந்த மாதிரிக் கிட்டாரில் கழுத்து ஒரே மஹாகனித் துண்டு. தலை பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் மரத்தின் ரேகை அங்கே குறுக்கே ஓடும். போதாக்குறைக்கு, கழுத்துக்குள் போகும் கம்பியை முடுக்குவதற்காக அதே இடத்தில் ஒரு குழி. ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 45 கிலோ பாரத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் வேறெங்கே உடையும்? தெருக்கோடி ஆசாரி ஃபெவிகால் போட்டு, இறுக்கிக் கட்டி, மூணு நாள் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதற்கப்புறம் மாமா இருபது வருஷத்துக்கு மேல் அதில் வாசித்தார். ஒட்டு அசையவில்லை.

கிட்டார் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். முதல் காரியமாக, கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கை எடுத்தார். இருட்டில் அதை அடித்தால் பழைய அசல் வார்னிஷ் பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்கிறது. பிற்பாடு பூசிய இடம் மட்டும் கறுப்பாகத் திட்டுப் போட்டுக் காட்டிக்கொடுக்கிறது. கழுத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு. மற்ற இடமெல்லாம் ஒரிஜினல். "ஆசாரி நல்ல மனுஷன் சார், உடைஞ்ச இடத்தைத் தவிர வேறெங்கேயும் கை வைக்கல" என்றார்.

நான் தலையின் பின்னால் இருந்த சீரியல் நம்பரைக் காட்டினேன். அவர் அதைச் சட்டை செய்யவில்லை. அந்தக் காலத்தில் கிப்ஸனில் ஒரே நம்பரை வெவ்வேறு வருஷங்களில் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்களாம். பின்மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த வால்யூம் கன்ட்ரோலின் முதுகைக் காட்டினார். 1376823 என்றிருந்தது. 137 என்றால் செய்த கம்பெனியின் குறி, 68 வருஷம், 23 அந்த வருஷத்தின் வாரம். ஆகவே இந்தக் கிட்டார் 1968 ஜூனுக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. ஆஹா! வவுச்சர் நம்பர் பார்த்துக் கணக்கு டாலி செய்கிற சுகம் எனக்கு அதில் கிடைத்தது. நாலு கன்ட்ரோலில் மூன்று இப்படி. நாலாவது மாமா ரிட்சி தெருவில் வாங்கிப் போட்டது. சாவிகளும் மாற்றியவை, அதற்காகத் துளையையும் பெரிசாக்கியிருந்தார்கள்.

எங்கள் பாடத்தில், ஒரு மெஷினை ரிப்பேர் செய்தால் அந்தச் செலவு லாப நஷ்டக் கணக்குக்குப் போய்விடும். மெஷினின் மதிப்பை அது தொடாது. வயசாக ஆகத்தான் தேய்மானம் என்று குறைத்துக்கொண்டே வருவோம். இங்கே எல்லாம் தலைகீழ். வயசானால் விலை ஏறுகிறது, ரிப்பேர் செய்தால் இறங்குகிறது! பழங்கிட்டார் வியாபாரத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு இதுதான்: அசல் நிலையில் 100 ரூபாய் என்றால், தலை உடைந்து ஒட்டியது சுமார் 50. முழுக்கப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் அதற்கும் அதே கதி, பாதி. தேய்ந்த ஃப்ரெட் கம்பிகளை ஒழுங்காக மாற்றியிருந்தால் மட்டும் அவ்வளவாகக் கோபித்துக்கொள்வதில்லை. அது காருக்கு டயர் மாற்றுகிற மாதிரி. வாசிக்கிறவனுக்கோ ஒட்டு ஒரு பொருட்டே இல்லை. நன்றாக ஒட்டியிருந்தால் சரி, சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. அலமாரியில் வைத்துப் பார்க்கிறவனுக்குத்தான் நெஞ்சு வலி.

பாதி விலை என்று கேட்டதும் மச்சான் துடித்துப் போனான். "மாப்ளே, தெரிஞ்ச கார் பெயின்டிங் ஷாப் இருக்கு. ரெண்டு கோட்டிங் குடுத்துட்டா ஒட்டு இருந்த இடமே தெரியாது."

"தெரியாதுதான். ஆனா பெயின்ட்டுக்கு ஒரு பாதி போகும். நீல விளக்குல ஒட்டு தெரிஞ்சா இன்னொரு பாதி. ஐம்பது இருபத்தஞ்சாயிடும். அதோட, மறைச்சு வித்தான்னு பேரும் கிடைக்கும்."

அவன் விடவில்லை. செல்போனில் தேடி வைத்திருந்தான். எரிக் கிளாப்டன் 1970-இல் மூன்று பழைய ஃபெண்டர் கிட்டார்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கிய 'பிளாக்கி' 2004 ஏலத்தில் 9,59,500 டாலர். டேவிட் கில்மோரின் கறுப்பு ஃபெண்டர், பலமுறை கழுத்து மாற்றி, உடம்பில் ஓட்டை போட்டு அடைத்தது, 2019-இல் 39,75,000 டாலர். "இதுக்கு மட்டும் ரிப்பேர் கணக்கு கிடையாதா?"

நல்ல கேள்வி. அதற்குப் பெயர் எங்கள் பாஷையில் குட்வில். அந்த விலை மரத்துக்கில்லை, அதை வாசித்த கைக்கு. எங்கள் மாமாவின் கைக்கும் குட்வில் உண்டு, ஆனால் ரெண்டு பஸ் ஸ்டாப்புக்கு அப்பால் செல்லாது.

கடைசியில் இப்படி வந்தது. ஒட்டுக்குப் பிறகு 50. சாவிக்கும் கன்ட்ரோலுக்கும் 5 கழித்து 45. இது கடையில் விற்கிற விலை. கடைக்காரர் வாங்குவதென்றால் வாடகை, லாபம் எல்லாம் போக 30-க்குத்தான் வாங்குவார். அண்ணன் தங்கைக்கு நடுவில் கடை இல்லை. எனவே இரண்டுக்கும் நடுவில் முப்பத்தேழரை. "சரி, 36-ன்னு வெச்சுக்குவோம்" என்றேன்.

"ஏன் 36?" என்றான் மச்சான். "பாதி பதினெட்டு, அவ்வளவுதானே?"

"மூணால வகுக்க சௌகரியமா இருக்கும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உயில் எழுதாமல் ஒருவர் போனால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அத்தை என்று ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அத்தை நிமிரவில்லை. "அந்தக் கிட்டாரை வாங்க என் வளையல் நாலு சவரன் அடகுக்குப் போச்சு. அப்ப சவரன் நானூறு ரூபா. மூழ்கியே போச்சு. உங்கப்பா திருப்பவே இல்ல."

2025-இல் சவரன் எழுபதாயிரத்தைத் தாண்டியதை அங்கே யாரும் சொல்லவில்லை. வளையல் நெளிந்தால்கூட எடைக்கு எடை காசு. ஒட்டுப் போட்டது என்று பாதியாகக் குறைக்க மாட்டான்.

தலைக்குப் பன்னிரண்டு. தங்கை இரண்டு பேருக்கும் ஆறு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டாள். அத்தை வேண்டாம் என்பாள் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். அவள் முதல் தவணை எந்தத் தேதி என்று கேட்டாள். நான் ஒரு பேப்பரில் எல்லாம் எழுதினேன். முதல் வரி, 'தலை 1983-இல் உடைந்து ஒட்டப்பட்டது.' மச்சான் இரண்டு தடவை அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

பேனாவை மூடுகிற நேரத்தில் பையன் வந்து, தந்தியெல்லாம் துருப்பிடித்துவிட்டது, புதுசு ஒரு செட் வாங்கவேண்டும், காசு யார் தருவது என்று கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.