கடலடிப் படமும் புதிய கமராவும்

கருவிகள் மனிதனின் புலன்களுக்கு நீட்சி அளிப்பன என்பர். ஆயின் கருவி புதிதாகுந்தோறும் புலனும் கூர்மை பெறும் என்று கொள்ளலாமா? கடலடியில் ஒளிப்படம் எடுக்கும் பழக்கமுடைய எனக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தும் டிஜிட்டல் கமராவை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்பதை நான் முடிவு செய்தாக வேண்டும்.

நிலத்திலே கமராவை மாற்றுவது ஒரு பொருளை மாற்றுவது. நீரிலே அது ஒரு தொகுதியையே மாற்றுவதாகும். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. அதனைத் தாங்கும் நீர்புகா உறை, பெரும்பாலும் குறித்த ஒரு மாதிரிக்கென்றே செய்யப்படுவது. பொத்தானொன்று இடம் மாறினாலும் பழைய உறை பயன்படாது. உறையின் விலையோ பல வேளைகளிற் கமராவின் விலையையும் விஞ்சிவிடும்.

நம் நாட்டுக் கடலடியை வண்ணத் திரையிற் காட்டிய மைக் வில்சனின் ‘ரன் முத்து தூவ’ 1962 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த நிக்கோனொஸ் கமராவுக்கு உறையே வேண்டியிருக்கவில்லை; ஆயினும் சுருளொன்றில் முப்பத்தாறு படங்களே. நீரினடியிற் சுருளை மாற்றுதல் இயலாது. எடுத்த படம் தேறியதா என்பதும் சுருளைக் கழுவிய பின்னரே தெரியும். அந்த வறுமை அக்காலத்தவருக்குப் பொறுமையைக் கற்பித்தது எனலாம்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகள் மணற்பாங்கானவை. முருகைக்கற்களைக் காண நான் மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள பாசிக்குடாவுக்கே செல்வதுண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் ஆறுகளும் களப்பு முகங்களும் கலங்கல் நீரைக் கடலிற் சேர்க்கும். சித்திரை தொடக்கம் ஆவணி வரையிலான தெளிவே நமக்கு வாய்ப்பு.

“நானா, இப்ப போன்கூட இதைவிட நல்லா எடுக்குதே; இன்னும் இந்தப் பழசோடயா?” என்று நண்பரொருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன விடை இது: நீர் செந்நிறத்தையே முதலில் விழுங்குகின்றது. ஐந்தாறு மீற்றருக்குள்ளேயே சிவந்த மீன் மங்கிய பழுப்பாகத் தோன்றும். இடையிலுள்ள நீரின் கலங்கலைப் புதிய கமராவும் நீக்காது. பொருளை நெருங்குவதும், விளக்கைப் பக்கவாட்டிற் பிடிப்பதும், மணலைக் கிளப்பாது உடலை மிதக்க வைப்பதுமே அதற்கு மருந்து. ஆகவே நான் முதலில் வாங்கியது ஒரு விளக்கு.

மாற்றத் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது முருகைகள் தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளிறுகின்றன. 1998 இலும் 2016 இலும் இலங்கைக் கடலில் இது நிகழ்ந்தது. நான் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே கோணத்தில், ஒரே பாறையைப் படமெடுத்து வருகிறேன். கமராவுக்குக் கமரா நிறம் வேறுபடும். நாளை அப்பாறை வெளிறித் தோன்றினால், வெளிறியது முருகையா, மாறியது கருவியா என்னும் ஐயம் எழக்கூடாது.

இப்போதோ விடை வேறோரிடத்திலிருந்து வந்துள்ளது. என் உறையின் மூடியில் அமரும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது; அம்மாதிரிக்குரிய வளையம் இனிக் கிடைப்பதில்லை. கடலுக்கும் கமராவுக்கும் இடையிலுள்ள காப்பு அவ்வொரு வளையமே. மாற்றுவதென்று துணிந்தேன். ஆயினும் இறுதி வளையம் தாங்கும்வரை, ஆழங்குறைந்த நீரில் இரு கமராக்களாலும் அதே பாறையை, அருகே ஒரே வெள்ளைப் பலகையை வைத்துப் படமெடுப்பேன். பழைய படங்களைப் புதியனவற்றோடு ஒப்பிட அப்பலகையின் நிறமே அளவுகோலாகும்.

சந்தைக்குப் புதிய மாதிரி வருவது கமராவை மாற்றும் காலமன்று. கையிலுள்ளது நம் பணியைக் காக்க இயலாதுபோகும் காலமே அதனை மாற்றும் காலம். அப்போதும், பழையது ஓய்வதற்கு முன்னர், அது கண்டவற்றைப் புதியதற்கு ஒப்படைத்தல் வேண்டும்.